அன்பும் அபிமானமும் காரணமாக

முன்னறையில் தோல்பையின் இரண்டு பூட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்துத் திறந்த சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. காப்பித் தூளின் மேல் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த கிரிஜாவின் கை அப்படியே நின்றது. நகராட்சியின் நல அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஹெர் ப்ரெண்டல் பத்து நிமிஷமாக மார்ச் மாத மழையையும் டார்ம்ஸ்டாட்டின் டிராம் வண்டிகளையும் பற்றி மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார். இப்போது பையைத் திறந்துவிட்டார். இனிமேல் வீட்டைப் பற்றித்தான் பேச்சு.

அவள் காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு போனபோது மேஜையின் மேல் மூன்று தாள்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவள் கணவர் உமாபதி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கழுத்தில் டையோடு, தன் சொந்த வீட்டு நாற்காலியின் நுனியில், வேலை கேட்டு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பதினேழு வருஷம் ஜெர்மனியில் இருந்தும், சர்க்கார் முத்திரை போட்ட காகிதத்தைக் கண்டால் அவர் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

வந்தவர் சுற்றி வளைக்கவில்லை. ஃப்ராவ் பெக்கர் என்ற அம்மாள் இப்போது பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். அவருடைய பென்ஷன் அந்த இல்லத்துக்குப் போதவில்லை. சேமிப்பும் பிப்ரவரியோடு தீர்ந்துவிட்டது. இனி மீதியை நகராட்சி கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்னால், கடந்த பத்து வருஷத்துக்குள் அந்த அம்மாள் எதையாவது யாருக்காவது தானமாகக் கொடுத்தாரா என்று பார்ப்பது வழக்கம். தானம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏழையாகிப் போனவர், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அப்படிக் கேட்கும் உரிமையை நகராட்சி ஒரு கடிதம் எழுதித் தன் கைக்கு மாற்றிக்கொள்ளும்.

"இந்த வீட்டை அவர் உங்களுக்குக் கொடுத்தது 1966 அக்டோபர் பதினாலாம் தேதி," என்றார் ஹெர் ப்ரெண்டல். "பத்து வருஷம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது."

ஒன்று, வீட்டை விட்டுக்கொடுக்க வேண்டும். அல்லது, இல்லத்தின் பாக்கிச் செலவை மாதாமாதம் அவர்கள் இருவரும் கட்ட வேண்டும். அது உமாபதியின் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகும். அந்த அம்மாளின் இருதயமோ திடமாக இருக்கிறதென்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

உமாபதி ஹெர் ப்ரெண்டலைப் பார்த்துப் புன்னகை செய்தபடியே, குரலை உயர்த்தாமல், மனைவியிடம் தமிழில் பேசினார்.

"இன்னும் ஒன்றரை வருஷம் பல்லைக் கடிச்சிட்டு நீ அந்தம்மாவைப் பார்த்திருந்தா, இந்த ஆள் இங்க வந்தே இருக்க மாட்டான்."

"பல்லை நான் கடிச்சுக்கிட்டுதான் இருந்தேன். முதுகுதான் உடைஞ்சு போச்சு," என்றாள் கிரிஜா, அவளும் சிரித்த முகத்தோடு, சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்திக்கொண்டே.

தனக்குச் சர்க்கரை வேண்டாம் என்று ஹெர் ப்ரெண்டல் தலையசைத்தார்.

அவள் உட்கார்ந்தாள். உட்காரும்போது இடுப்பில் கட்டியிருந்த கெட்டித் துணிப் பட்டை விலாவில் குத்தியது. அந்தப் பட்டையின் கதைதான் அந்த வீட்டின் கதை.

கிரிஜா இந்த வீட்டுப் படியை முதன்முதலில் மிதித்தது 1964-ல். கல்யாணமாகி நாலு மாதம். இருபத்து மூன்று வயது. மாயவரத்திலிருந்து வந்த பெண் இரண்டு பெட்டிகளோடு வாசலில் நிற்கிறாள். கதவைத் திறந்த எலும்புக்கூடு மாதிரியான கிழவி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கால்மிதியைக் காட்டினாள். அவ்வளவுதான் வரவேற்பு. மாடியில் இரண்டு அறை அவர்களுக்கு. கீழே முழுவதும் ஃப்ராவ் பெக்கருக்கு. ரயில்வேயில் வேலை பார்த்த புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி கிடையாது.

கடுகு தாளித்தால் கீழேயிருந்து கம்பால் கூரையை இடிப்பாள். பெருங்காயம் போட்டால் நேரே மாடிக்கே வந்து, கேட்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போவாள். வெளியே பனி கொட்டும். சனிக்கிழமைதோறும் மாடிப்படியைத் துடைக்க வேண்டும். துடைத்த பிறகு கிழவி விரலால் கைப்பிடியைத் தடவிப் பார்ப்பாள். கிரிஜாவுக்கு அந்த விரலைக் கண்டாலே உடம்பு எரியும். புருஷனிடம் சொன்னால், "வயசானவங்க, விடு," என்பார் அவர். வயசானவர்களிடம் விட்டுக்கொடுப்பதில் உமாபதிக்கு ஈடு கிடையாது. விட்டுக்கொடுக்க வேண்டியது அவளாக இருக்கிற வரைக்கும்.

அப்படிப்பட்ட கிழவிதான் இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியேறி வந்து, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வீட்டை உங்கள் பெயருக்கு எழுதிவைக்கப் போகிறேன் என்றாள். உமாபதிக்குக் காது அடைத்துவிட்டது. கிழவிக்கு ஒரு அக்காள் இருந்தாளாம். பராமரிப்பு இல்லத்தில் போய்ப் படுத்தாளாம். ஆறு வருஷம்.

"படுத்த இடத்திலிருந்தே தன் வீட்டைத் தின்று தீர்த்தாள்," என்றாள் ஃப்ராவ் பெக்கர். "கூரையிலிருந்து ஆரம்பித்து, நிலவறை வரைக்கும். நான் அப்படித் தின்ன மாட்டேன். இப்போதே கையை விட்டுப் போகட்டும். நான் சாகும் வரை கீழ்த்தளம் என்னுடையது. எனக்கு முடியாமல் போனால் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்."

ஏன் எங்களுக்கு என்று உமாபதி கேட்டார். காஸல் நகரத்தில் ஒரு தம்பி மகன் இருக்கிறான், அவனைப் பிடிக்காது என்றாள் கிழவி. உங்களையும் ஒன்றும் பிடிக்காது, ஆனால் நீங்கள் படியை ஒழுங்காகத் துடைக்கிறீர்கள் என்றாள். துடைப்பத்தைப் பிடிக்கிறவளுக்குப் பாதி, மற்றவருக்குப் பாதி என்று எழுத வேண்டும் என்பதிலும் பிடிவாதமாக இருந்தாள்.

கிரிஜாவுக்கு அந்தப் பேச்சு கசந்தாலும் புரிந்தது. அதில் மூடுமந்திரம் எதுவும் இல்லை. நீ எனக்குச் செய், நான் உனக்குத் தருகிறேன். சந்தையில் கீரைக்காரி பேசுகிற பேச்சு.

நோட்டரியின் அலுவலகத்தில்தான் எல்லாம் தலைகீழாகப் போயிற்று.

உமாபதியின் அப்பா மாயவரத்தில் பத்திர எழுத்தர். சப்ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் சாய்வு மேஜை போட்டு முப்பது வருஷம் எழுதியவர். அவர் எழுதிய பத்திரத்தை ஒரு கோர்ட்டும் உடைத்ததில்லை என்பது குடும்பத்தின் பெருமை. பிள்ளை இன்ஜினீயரிங் படித்து, ஜெர்மனிக்கு வந்து, இயந்திரக் கம்பெனியில் டிராயிங் போட்டாலும், பத்திரம் என்று வந்துவிட்டால் அவருக்குள் இருக்கிற அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

நோட்டரி ஒரு வரைவை வாசித்தார். அதில் ஒரு ஷரத்து இருந்தது. வீட்டைப் பெறுகிறவர்கள், அதற்கு ஈடாக, ஃப்ராவ் பெக்கரை ஆயுள் முழுவதும் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கக் கடமைப்பட்டவர்கள். அந்த ஒரு வரிதான் வீட்டுக்கு வேலி என்று நோட்டரி விளக்கினார். ஈடு கொடுத்து வாங்கியதைத் தானம் என்று யாரும் சொல்ல முடியாது. திருப்பிக் கேட்க முடியாது. அந்த வரி இல்லாவிட்டால் இது வெறும் தானம். பத்து வருஷத்துக்கு வாசலில் பாம்பு படுத்திருக்கும்.

உமாபதி கையைத் தூக்கினார். அந்த வரியை அடித்துவிடுங்கள் என்றார்.

பெரியவர்களுக்குச் செய்கிற பணிவிடைக்கு எங்கள் ஊரில் விலை போடுவதில்லை என்றார். எங்கள் ஊர்ப் பத்திரங்களில் அன்பும் அபிமானமும் காரணமாக என்று ஒரு வாசகம் எழுதுவார்கள், அப்படி எழுதிக் கொடுத்ததை எழுதியவரே திரும்பக் கேட்க முடியாது, அதைவிட உறுதியான பத்திரம் கிடையாது, அதையே எழுதுங்கள் என்றார். மாயவரத்தில் அது உண்மைதான். அந்த வாசகம் அங்கே இரும்புப் பூட்டு. இங்கே அது திறந்த கதவு. நோட்டரி இரண்டு தடவை எச்சரித்தார். உமாபதி கேட்கவில்லை. எந்தப் பிரதிபலனும் இல்லாமல் என்ற சொற்களையும் அவரே சொல்லிச் சேர்க்க வைத்தார்.

ஃப்ராவ் பெக்கர் தோளைக் குலுக்கினாள். "நான் என் வாழ்நாளில் யாருக்கும் எதையும் தானமாகக் கொடுத்ததில்லை. இந்த மனிதர் சும்மா வேலை செய்வேன் என்று அடம்பிடித்தால், தடுக்க நான் யார்?"

கிரிஜா அப்போது பேசுகிற ஜெர்மன் மொழியைப் பாதி புரிந்துகொள்வாள். எந்த வரியை அடிக்கச் சொல்கிறார் என்பது தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை. கேட்க வாயெடுத்தாள். "அப்புறம் சொல்றேன், சைன் பண்ணு," என்றார் அவர் பல்லுக்குள்ளேயே. கையெழுத்துப் போட்டாள். டிராமில் திரும்பி வரும்போது சொன்னார். பிராங்பேர்ட்டில் இருக்கும் ரகுநாதனுக்கும் மற்ற நம்மூர்க்காரர்களுக்கும் தெரிந்தால் என்ன ஆகும்? உமாபதி பெண்டாட்டி வெள்ளைக்காரக் கிழவியின் மூத்திரச் சட்டியை அலம்பி வீடு சம்பாதித்தாள் என்று பேச மாட்டார்களா? அதனால்தான்.

"சட்டியை அலம்பப் போறது நான்தானே?" என்று கேட்டாள் கிரிஜா.

"ஆமா. ஆனா கூலிக்கு இல்ல."

புதிதாக வந்தவள், வயிற்றில் குழந்தை வேறு. அன்று வாயடைத்ததற்கு அவள் தன்னையே மன்னித்ததில்லை.

கிழவி ஒவ்வொரு அக்டோபர் பதினாலாம் தேதியும் மாடிப்படியின் அடியில் வந்து நின்று அண்ணாந்து கத்துவாள். ஒன்று போயிற்று, ஒன்பது இருக்கிறது. இரண்டு போயிற்று, எட்டு இருக்கிறது. மகள் பாமா தொட்டிலிலிருந்து நடை பழகி, மழலைப் பள்ளிக்குப் போனதெல்லாம் அந்தக் கூப்பாட்டின் நடுவில்தான். ஐந்து இருக்கிறது என்று கத்திய மறு மாதம், 1971 நவம்பரில், நிலவறைப் படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது.

காலை ஆறரைக்கு எழுப்ப வேண்டும். துடைக்க வேண்டும். தூக்கி உட்கார வைக்க வேண்டும். பார்த்தால் எலும்புக்கூடு, தூக்கினால் பாறாங்கல். குளிப்பாட்டும்போதுகூட அவள் கிரிஜாவை ஒருமையில் அழைத்ததில்லை. அம்மணமாகத் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு, "ஃப்ராவ் உமாபதி, தண்ணீர் போதிய சூடு இல்லை. ஃப்ராவ் உமாபதி, நீங்கள் முதுகைத் தேய்க்கவில்லை, தடவுகிறீர்கள்," என்பாள். கோபம் வந்தால் கையிலிருக்கும் தூரிகையால் மணிக்கட்டில் ஓர் அடி வைப்பாள். கிரிஜாவும் சளைத்தவளல்ல. அடி விழுந்த அன்றைக்குச் சூப்பில் உப்புப் போட மாட்டாள். கிழவி அதைக் குடித்து முடித்துவிட்டு, சத்தமில்லாமல் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது அப்படி ஒரு நேர்மை.

உமாபதி? சாயங்காலம் ஆறு மணிக்கு வருவார். கீழ் அறையின் வாசலிலேயே நின்று, தொப்பியைக் கழற்றி, "எல்லாம் சௌகரியமா அம்மா?" என்று கேட்பார். மாடிக்குப் போய்ப் பேப்பர் படிப்பார். பிராங்பேர்ட்டில் நம்மூர்க்காரர்கள் பொங்கலுக்குக் கூடும்போது, ஒரு ஜெர்மன் அம்மாளைத் தன் தாயாக வைத்துக் காப்பாற்றுகிற மனிதர் என்று அவரைப் பற்றிப் பேசினார்கள். கிரிஜா அந்தக் கூட்டங்களுக்குப் போனதில்லை. கிழவியைப் படுக்கையில் புரட்டிப் போட ஆள் வேண்டுமே.

மூன்றரை வருஷம் ஆயிற்று. 1975 ஏப்ரலில் கிழவிக்கு வலப்பக்கம் விழுந்தது. பேச்சும் குழறியது. நாலாம் நாள் அவளைத் தொட்டியிலிருந்து தூக்கும்போது கிரிஜாவின் நடுமுதுகில் ஏதோ நெட்டி முறிந்தது மாதிரி கேட்டது. பிறகு அவளால் நிமிரவே முடியவில்லை. இரண்டு பேரையும் ஒரே ஆம்புலன்ஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிரிஜாவுக்கு ஆபரேஷன். கிழவிக்குப் பராமரிப்பு இல்லம். இனி பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறக் கிடந்தவளிடம் உமாபதி முதலில் கேட்ட கேள்வி, "இப்ப அவங்களை யார் பாப்பாங்க?" என்பது. அதை அவள் மறக்கவில்லை. கிழவி போன பிறகு கீழ் அறையில் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டாள். ஒரு கடைக்குக் கால்சட்டைகளுக்குக் கரை அடித்துக் கொடுத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் இந்தத் தேசத்தில் அவளுக்கென்று கதவு சாத்திக்கொள்ளும்படி கிடைத்தது அந்த ஓர் அறை. அதைத்தான் இப்போது ஹெர் ப்ரெண்டல் கேட்க வந்திருக்கிறார்.

அவர் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு இரண்டாவது தாளை எடுத்தார். அது நோட்டரியின் பழைய வரைவு. பராமரிப்பு ஷரத்தின் மேல் ஒரு நீண்ட கோடு. ஓரத்தில், பெறுபவரின் கோரிக்கைப்படி நீக்கப்பட்டது என்ற குறிப்பு.

"இந்த வரி இருந்திருந்தால் நான் இன்றைக்கு வந்திருக்க மாட்டேன்," என்றார் அவர். குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே வருத்தப்படுகிறவர் மாதிரி இருந்தது.

கிரிஜா கணவரைப் பார்த்தாள். அவர் தாளில் இழுத்திருந்த அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அப்பா முப்பது வருஷம் எழுதினாரே, ஒரு தடவையாவது யாராவது ஒரு பொம்பளைகிட்ட, நீ செய்வியாம்மான்னு கேட்டிருப்பாரா?" என்றாள் தமிழில். சிரிப்பு இப்போது அவள் முகத்தில் இல்லை.

"அப்பாவை இழுக்காத."

"நான் இழுக்கலை. மேஜை மேலதான் உக்காந்திருக்காரு."

ஹெர் ப்ரெண்டல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூன்றாவது தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, போன வாரம் இல்லத்துக்குப் போய் ஃப்ராவ் பெக்கரைப் பார்த்ததாகச் சொன்னார். பேச்சு இன்னமும் சரியாக வரவில்லையாம். ஆனால் புத்தி தெளிவாக இருக்கிறதாம். தானம் என்ற சொல்லைக் கேட்டதும் கிழவிக்குக் கோபம் வந்துவிட்டதாம். இடது கையால் கட்டிலை அடித்தாளாம். எழுதிக்கொள் என்று சைகை காட்டி, ஒவ்வொரு சொல்லாகக் கால் மணி நேரத்தில் சொல்லி முடித்தாளாம்.

"அவர் சொன்னதை வாசிக்கிறேன்," என்றார். "'நான் தானம் செய்யவில்லை. அந்தப் பெண் வேலை செய்தாள். நான் சம்பளம் கொடுத்தேன். அவளுக்கு என்னைப் பிடிக்காது.' இவ்வளவுதான்."

பன்னிரண்டு வருஷத்தில் அவளைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் உண்மை. அதைச் சொன்னவள் அவளுடைய ஜென்ம சத்துரு. கண்ணில் நீர் முட்டியது. அதைக் கிழவிக்காக விட அவளுக்கு மனம் வரவில்லை. இமையைக் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஹெர் ப்ரெண்டல் பேனாவைத் திறந்தார். ஒரு தரப்பு மட்டும் சொன்னால் போதாது, பெற்றுக்கொண்டவர்களும் சொல்ல வேண்டும் என்றார். பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும், நடந்தது வேலைக்குக் கூலி என்று மூன்று பேரும் ஒப்புக்கொண்டால், அலுவலகம் வேறு மாதிரி யோசிக்கக்கூடும். உமாபதியின் பக்கம் திரும்பினார். அவர் மனைவி வீட்டுக்கு ஈடாக அந்த அம்மாளுக்கு வேலை செய்தார் என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

ஒரே ஒரு ஆமாம். கிரிஜா அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். உமாபதியின் விரல்கள் டையின் முடிச்சைத் தொட்டன, விட்டன, மறுபடி தொட்டன. அவர் முகத்தில் பிராங்பேர்ட் தெரிந்தது. பொங்கல் கூட்டம் தெரிந்தது. சாய்வு மேஜையும் தெரிந்தது.

"இல்லை," என்றார் அவர். "அவர் எங்களுக்கு அம்மா மாதிரி. நாங்கள் செய்தது அன்பினால். பத்திரத்தில் இருப்பதுதான் உண்மை."

ஜெர்மன் மொழியில் அழகாக, ஒரு தவறும் இல்லாமல் சொன்னார்.

ஹெர் ப்ரெண்டல் எழுதினார். பேனாவை மூடப் போனார்.

"மூடாதீர்கள்," என்றாள் கிரிஜா. "பாதி வீடு என் பெயரில் இருக்கிறது. என்னைக் கேட்கவில்லையே?"

அவர் நிமிர்ந்தார். உமாபதி அவள் கையைப் பிடித்தார். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

கடைக்காரனிடமும் டாக்டரிடமும் பிள்ளையின் டீச்சரிடமும் பேசிப் பழகிய ஜெர்மன்தான். உமாபதி பேசியதைப் போல அழகாக இல்லை. ஆனால் நிற்கவில்லை. 1971 நவம்பரிலிருந்து எத்தனை மணிக்கு எழுந்தாள், எத்தனை தடவை புரட்டினாள், எப்படித் தூக்கினாள், தூரிகை மணிக்கட்டில் எங்கே பட்டது, முதுகு என்றைக்கு உடைந்தது, எல்லாம் சொன்னாள். ஃப்ராவ் பெக்கர் மேல் தனக்கு ஒரு நாளும் பிரியம் இருந்ததில்லை. அவருக்கும் தன் மேல் இருந்ததில்லை. வீட்டுக்காகச் செய்தேன். அது கூலி. உப்பில்லாத சூப்பைக்கூட மறைக்காமல் சொன்னாள். ஹெர் ப்ரெண்டல் அதைக் கேட்டு ஒரு கணம் எழுதுவதை நிறுத்தினார், பிறகு அதையும் எழுதினார்.

"உனக்கு வெக்கமா இல்லையா?" என்றார் உமாபதி தமிழில். "வேலைக்காரின்னு நீயே எழுதிக் குடுக்கிற."

"வேலை செஞ்சவ வேலைக்காரிதான். வெக்கம் எனக்கில்ல. செய்யாம பேர் வாங்கினவங்களுக்கு."

"நாளைக்கு ரகுநாதன் கேட்டா நான் என்ன சொல்றது?"

"உங்க பாதியை அன்புக்கு வாங்கினேன்னு சொல்லுங்க. அந்தப் பாதிக்கு மாசாமாசம் நீங்களே கட்டுங்க."

ஹெர் ப்ரெண்டல் எழுதியதை வாசித்துக் காட்டினார். கிரிஜா அதைக் கையில் வாங்கி, வரி வரியாக விரலை ஓட்டித் தானே படித்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. மூன்றரை வருஷம் அன்புடன் பராமரித்தேன் என்று எழுதியிருந்தது. எழுதி எழுதிப் பழகிப்போன கை, அவரை அறியாமல் எழுதிவிட்டது போலிருக்கிறது.

"இந்தச் சொல்லை அடியுங்கள்," என்றாள்.

"எதை?"

"அன்புடன்."

அவர் அந்தச் சொல்லின் மேல் கோடு இழுத்து, ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டார். அவளும் போட்டாள். பிறகு அடியில் முழுக் கையெழுத்து.

தாள்களை அடுக்கிக்கொண்டே அவர் நிலைமையைச் சொன்னார். முடிவு தன் கையில் இல்லை. அவளுடைய பாதிக்குச் சர்ச்சைக்குரியது என்று குறிப்பு எழுதுவார். ஃப்ராவ் பெக்கரும் அவளும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பேச்சாகப் பேசியிருக்க, அந்தப் பாதிக்காகக் கோர்ட்டுக்குப் போக அலுவலகத்தின் வக்கீலுக்கு ஆசை இருக்காது என்றே அவர் நினைத்தார். ஹெர் உமாபதியின் பாதியில் சர்ச்சைக்கு இடமில்லை. அவரே தானம் என்று இரண்டாம் முறையும் சொல்லியிருக்கிறார். அந்தப் பாதிக்கு உண்டான தொகை மாதாமாதம் அவர் சம்பளத்திலிருந்து வர வேண்டியிருக்கும், அந்த அம்மாள் இருக்கிற வரைக்கும்.

"இனி உங்கள் இருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் வரும்," என்றார்.

உமாபதி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. விருந்தாளி எழுந்தால் தானும் எழுந்து வாசல் வரை போகிற மனிதர், மேஜை மேல் கையை ஊன்றியபடி, காப்பி ஈரம் வட்டமாகப் பதிந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரைப் பார்க்கக் கிரிஜாவுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

அவள்தான் மழைக் கோட்டை எடுத்துக் கொடுத்தாள். வாசலில் ஹெர் ப்ரெண்டல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வியாழக்கிழமை மறுபடி இல்லத்துக்குப் போகிறேன், ஃப்ராவ் பெக்கருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். கிரிஜா யோசித்தாள்.

"அவர் கொடுத்த வாக்குமூலம் போதுமானதாக இருந்தது என்று சொல்லுங்கள்," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். கை கொடுத்தார். மூன்று படி இறங்கி, குடையை விரித்து, டிராம் நிற்கும் திசையில் நடந்தார். கிரிஜா கதவைச் சாத்தினாள்.